பதினாறு பேர் கையெழுத்திட்ட பேட்

போட்டோ அனுப்பினால் விலை சொல்வீர்களா என்று தயவுசெய்து யாரும் என்னிடம் கேட்காதீர்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் வாரத்துக்கு நாலு பேராவது வாட்ஸ்அப்பில் எதையாவது அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். போன வாரம் ஒருவர் ஒரு பித்தளைக் கூஜாவைப் படம் எடுத்து அனுப்பி, "பாய், சும்மா ஒரு ரஃப் ரேட் சொல்லுங்க, போதும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கூஜாவையே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். நல்ல வேளை, அது போட்டோவில்தான் இருந்தது.

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் இருக்கும் ஏலக் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தேன். ஏலத்துக்கு வரும் பழைய பொருள்களைப் பார்த்து, இது அசலா, என்ன விலை போகும் என்று மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. இப்போது அந்த நாற்காலியில் நிவேதா உட்கார்ந்திருக்கிறார். கெட்டிக்காரப் பெண். அவர்தான் சென்ற மாதம் கூப்பிட்டு, கம்பெனி புதிதாக ஓர் ஆப் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். நாலு போட்டோவை ஏற்றினால் பத்து நிமிஷத்தில் விலை வந்துவிடுமாம்.

"வேண்டாம்மா" என்றேன்.

"ஏன் சார் இவ்ளோ பயப்படுறீங்க? ஒரு காரணம் சொல்லுங்க, நான் மீட்டிங்ல பேசறேன்."

காரணத்தை மீட்டிங்கில் சொல்ல முடியாது. எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் மீர்சாகிப் பேட்டைக்காரன். வீட்டில் உருது, வெளியில் மெட்ராஸ் தமிழ். என் மாமா பழைய மர சாமான் வியாபாரம் செய்தார். அவர் கடையில் நாற்காலிகளுக்கு நடுவே வளர்ந்ததால் மரத்தைத் தட்டிப் பார்த்தே தேக்கா, பலாவா என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு தகுதிக்காகக் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த புதிதில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் தாமோதரன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு லென்ஸ், வாயைத் திறந்தால் சுத்தமான சென்னை பாஷை. வெளிநாட்டுத் தூதரகத்திலிருந்து ஆள் வந்தாலும் "இன்னா கொண்டாந்துகிற?" என்றுதான் ஆரம்பிப்பார். ஆனால் அவரிடம் ஒரு முறை இருந்தது. அதை யாருக்காகவும் மாற்ற மாட்டார். பொருள் வந்ததும் கொண்டுவந்தவரை வெளியில் உட்கார வைத்துக் காபி கொடுத்துவிடுவார். ஒரு வார்த்தை பேச விடமாட்டார். தாத்தா, ஜமீன், வெள்ளைக்காரத் துரை என்று கதை ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவித் துடைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பொருளை வைப்பார். முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் பின்பக்கம். அப்புறம் அடிப்பக்கம். எதைக் காட்டி விற்க வந்திருக்கிறார்களோ அந்த முகப்பைக் கடைசியில்தான் பார்ப்பார். பார்த்து முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு விலையை எழுதி மடித்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆளை உள்ளே கூப்பிடுவார். கூப்பிட்டு மூன்றே கேள்வி கேட்பார். இதை யார் யார் தொட்டார்கள், எப்போது தொட்டார்கள், எதற்காகத் தொட்டார்கள். பதில்களைக் கேட்டபின் சீட்டைப் பிரித்து, பெரும்பாலும் விலையைக் குறைப்பார்.

ஒரு தடவை அண்ணா நகரிலிருந்து ஒருவர் ஒரு கிரிக்கெட் பந்து கொண்டுவந்தார். அதில் ஓர் அணியின் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. எல்லாம் பெரிய பெரிய பெயர்கள். தாமோதரன் சார் லென்ஸை என்னிடம் நீட்டினார்.

"இன்னா தெரியுது நைனா?"

"பதினோரு கையெழுத்தும் தெளிவா இருக்கு சார்."

"நல்லாப் பாரு. பதினோரு பேரும் ஒரே மாதிரி மூச்சு வுட்டுகினு எழுதிகிறானுங்க. ஒருத்தன் கோவக்காரன், ஒருத்தன் சோம்பேறி, ஒருத்தன் பஸ்ஸுக்கு லேட்டாய்ட்டு ஓடுவான். எல்லாம் எப்படி ஒரே அழுத்தமா வரும்?"

பிறகுதான் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் வேலை பார்த்த ஒருவர், கேட்டவர்களை ஏமாற்ற மனமில்லாமல், எல்லோருக்கும் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவந்திருக்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் பந்துக்கு விலை இல்லை. அன்றைக்கு நான் ஆடிப்போய்விட்டேன். இனிமேல் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டேன். வயசு அப்படி.

தாமோதரன் சார் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த மேசைக்கு நான் வந்தேன். துணி, சோப்பு, துண்டுச் சீட்டு, மூன்று கேள்வி எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றினேன். கூடுதலாக ஒரு புற ஊதா விளக்கு வாங்கினேன். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு மைகள் அந்த வெளிச்சத்தில் வேறு வேறாகப் பிரிந்துவிடும். சந்தேகமான கையெழுத்தை அதில் காட்டினால் முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும்.

அப்புறம் ஊரடங்கு வந்தது. யாரும் எங்கும் போக முடியவில்லை. கம்பெனி போட்டோவைப் பார்த்து மதிப்பிடச் சொன்னது. முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பழகிவிட்டது. ஊரடங்கு போன பிறகும் போட்டோ போகவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடி, லுங்கியோடு, டீ குடித்துக்கொண்டே ஒரு நாளைக்கு ஏழெட்டு மதிப்பீடு செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் 'படத்தின் அடிப்படையில் மட்டும்; பொருளை நேரில் ஆய்வு செய்யவில்லை' என்று ஒரு வரி போட்டுவிடுவேன். அந்த ஒரு வரி என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் சேஷாத்ரி என்று ஒருவர் பாலவாக்கத்திலிருந்து பேசினார். மரியாதையான பேச்சு. மயிலாப்பூரில், தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர்களுடைய பூர்வீக வீடு. அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். அவர் இளவயதில் ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவர். அறுபதுகளில் இங்கே ஆட வந்த ஒரு வெளிநாட்டு அணி அந்த ஹோட்டலில்தான் தங்கியது. அப்பா ஒரு புது பேட்டை வாங்கிக்கொண்டுபோய் நின்று, அணியின் பதினாறு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்.

"பேட்டை எடுத்துட்டு வாங்களேன் சார், நேர்ல பாத்துடறேன்" என்றேன்.

"அப்பா வீட்டை விட்டு வெளியில எடுக்க விடமாட்டார் பாய். பூஜை ரூம்ல வெச்சிருக்கார்."

ஆறு படங்கள் வந்தன. பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பதினாறு பெயர்களையும் எனக்குத் தெரியும். அதில் ஐந்தாறு பேர் இறந்துபோய்விட்டார்கள். அவர்கள் கையெழுத்துக்கு வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றும் பளிச்சென்று, கருகருவென்று இருந்தது. பேட்டின் அடியில் ஒரு குங்குமப் பொட்டு. அடடா, எவ்வளவு பக்தியாகக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன். அறுபது வருஷத்து மை இவ்வளவு கருப்பாக இருக்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஜன்னல் ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தால் நிச்சயம் உறைத்திருக்கும். சோபாவில் உறைக்கவில்லை.

ஒரு சின்ன ஃபிளாட் வாங்கும் அளவுக்கு விலை போகும் என்று எழுதினேன். வழக்கமான வரியையும் சேர்த்து அனுப்பினேன். அரை மணியில் சேஷாத்ரி மறுபடி கூப்பிட்டார்.

"பாய், அந்தக் கடைசி வரி வேண்டாமே. நேர்ல பாக்கலைன்னு போட்டிருக்கீங்க. அப்பா படிச்சா மனசு கஷ்டப்படுவார். உயிரா வெச்சிருக்கற சாமான். இது வீட்டுக்குள்ள காட்டறதுக்குத்தானே?"

படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவருடைய மனசு என்றதும் இளகிவிட்டேன். வரியை எடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து அனுப்பினேன். முப்பது வருஷத்தில் நான் செய்யாத காரியம். செய்து முடித்ததும் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அவ்வளவு சாதாரணமாக நடந்தது அது.

இரண்டு வருஷம் கழிந்தது. ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஒரு நாள் காலையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் ஆபீசுக்கு வந்தார். கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு நீளமான பொட்டலம். ஒரு பழைய பட்டுப் புடவையால் சுற்றியிருந்தது.

"என் பேர் ருக்மணி. சேஷாத்ரியோட அக்கா. அப்பா போய்ட்டார். பேட்டை ஏலத்துக்குக் குடுக்கலாம்னு வந்தேன். உங்க லெட்டர்கூட இருக்கு" என்று பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த என் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "எங்காத்துல இதை வேதவாக்கா வெச்சுண்டிருக்கோம் சார்."

எனக்கு ரொம்ப சந்தோஷம். அவரை வெளியில் உட்கார வைத்துக் காபி சொன்னேன். கைகழுவினேன். துணி விரித்தேன்.

மோந்து பார்த்தேன். சந்தனம், கற்பூரம், அதற்கடியில் லேசாக, பேட் மரத்துக்குத் தடவும் ஆளி விதை எண்ணெய். பின்பக்கம் திருப்பினேன். நல்ல பழைய மரம், நிறம் தேன் மாதிரி இறங்கியிருந்தது. கைப்பிடி ரப்பர் மட்டும் புதிது. அதனால் ஒன்றும் மோசமில்லை. அடிப்பக்கத்தில் பழைய பந்தயத் தேய்மானம் எதுவும் இல்லை. ஆடாத பேட், கையெழுத்துக்கென்றே வாங்கியது. அதுவரை எல்லாம் சரியாக இருந்தது. முகப்பைத் திருப்பி, அணித்தலைவரின் கையெழுத்துமேல் லென்ஸை வைத்தேன்.

முதல் எழுத்தின் தொடக்கத்தில் மை ஒரு புள்ளியாகத் தேங்கியிருந்தது. ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போடுகிறவன் பேனாவை அப்படி ஊன்றி யோசிக்க மாட்டான். அடுத்த வளைவில் பேனா தூக்கப்பட்டு மறுபடி வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது கையெழுத்துக்குப் போனேன். அதே அழுத்தம், அதே நிதானம். மூன்றாவது, நாலாவது. பதினாறையும் பார்த்தேன். பதினாறு பேரும் ஒரே மூச்சு.

போலி என்று நினைத்தேன். அப்படி இருந்திருந்தால்கூடத் தேவலை. யாரோ ஓர் அயோக்கியன்மேல் கோபத்தைக் காட்டியிருக்கலாம். ஜன்னலைச் சாத்திவிட்டுப் புற ஊதா விளக்கைப் போட்டேன். கருப்பு மைக்கு அடியிலிருந்து இன்னொரு கோடு எட்டிப் பார்த்தது. மெலிந்து, மரத்துக்குள் இறங்கிப்போன பழைய ஊற்றுப்பேனா மை. அது வேகமான கை, கோபமான கை, சில இடங்களில் சோம்பேறிக் கை. பதினாறும் வேறு வேறு ஆட்கள். பதினாறும் அசல்.

அசல் கையெழுத்துகளின் மேல் யாரோ அட்சரம் பிசகாமல் மறுபடி எழுதியிருக்கிறார்கள். மரத்தில் இறங்கிய மையை எடுக்கவும் முடியாது, மேல் மையை மட்டும் சுரண்டவும் முடியாது. சேகரிப்பவர் எவரும் இதைக் கையால் தொடமாட்டார். நான் எழுதிய விலை சுத்தமாகப் போச்சு. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜன்னலைத் திறந்துவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன்.

"இதை யார் யார் தொட்டிருக்காங்கம்மா?"

"அப்பா யாரையும் தொட விடமாட்டாரே. அவரும் நானும்தான். அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை. சரஸ்வதி பூஜைக்குப் புஸ்தகமெல்லாம் அடுக்கி, மேல இந்தப் பேட்டை வெச்சு, சந்தனம் குங்குமம் இடுவோம். மறுநா ஈரத்துணியால துடைச்சு எடுப்போம்."

"ஈரத்துணியா?"

"ஆமா. துடைக்கத் துடைக்க மங்கிடறதோன்னோ? அதனால விஜயதசமி அன்னிக்கு நல்ல நேரம் பாத்து, அப்பா ஒவ்வொண்ணா மேல எழுதுவார். எழுத்து ஆரம்பிக்கற நாளாச்சே அது. அப்பாக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்பறம் நான். இருபத்திரண்டு வருஷமா நான்தான் எழுதறேன். ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா இருந்தேன் சார், ஒரு கோடு நகராது. எழுதினதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்காதே?"

சொல்லிவிட்டு, நான் பாராட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சொன்னேன். எவ்வளவோ மரண வீடுகளுக்குப் போய் நகை, பாத்திரம் மதிப்பிட்டிருக்கிறேன், அங்கேகூட எனக்கு இப்படி நா குழறியதில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தார்.

"எழுதாம விட்டிருந்தா?"

"மங்கலா இருந்திருக்கும்மா. ஆனா நான் சொன்ன விலைக்குப் போயிருக்கும்."

"மங்கினது அசல், பளிச்சுனு இருக்கறது வேண்டாமா?" என்றார், குழந்தை மாதிரி. பிறகு, "அப்போ இந்த லெட்டர்?" என்றார்.

"போட்டோவைப் பார்த்து எழுதினதும்மா."

"அப்படி இதுல போடலையே."

அதற்குமேல் அவர் சொன்னதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது மாதிரி இருந்தது. அப்பா போனதும் தம்பி இந்தக் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். 'அக்கா, வீடு பழசு, இடிச்சாத்தான் உண்டு. பில்டர் வந்திருக்கான். நீ பேட்டை எடுத்துக்கோ, வித்தா உனக்குன்னு ஒரு ஃபிளாட்டே வரும். வீட்டை என் பேருக்கு விட்டுடு' என்றிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளாமல், அப்பாவை ஒன்பது வருஷம் தூக்கி இறக்கிப் பார்த்த மனுஷி. "எனக்கு ஒரு ரூம், ஒரு கிச்சன் போதும்னு தோணித்து. அப்பாவோட பேட்டும் எனக்குன்னா சந்தோஷம்தானே" என்றார். வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்துகொடுத்துவிட்டார். தை பிறந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போவதற்கு வேறு இடம் இல்லை.

நான் ஒரு வரியை எடுத்தேன், இவருக்கு வீடு போய்விட்டது. இதை நான் வேறு எந்த விதமாகவும் சொல்லிப் பார்த்ததில்லை, முடியவும் முடியாது.

"உங்க தம்பி இதைத் தெரிஞ்சேதான்..." என்று ஆரம்பித்தேன்.

"சேச்சே! சேஷுவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கேட்டா துடிச்சுப் போயிடுவான். அவன்மேல சந்தேகப்படாதீங்கோ" என்று என்னையே கோபித்துக்கொண்டார்.

அன்று மாலையே இன்னொரு கடிதம் எழுதினேன். முந்தைய மதிப்பீடு பொருளைப் பார்க்காமல் எழுதப்பட்டது, அது தவறு, தவறு என்னுடையது என்று. கம்பெனி வக்கீல், ஓய்வு பெறப் போகிற நேரத்தில் இது எதற்கு, வழக்கு கிழக்கு என்று வரும் என்றார். வரட்டும் என்றேன். மறுநாள் அந்தம்மாளும் நானும் ஒரு ஆட்டோவில் பாலவாக்கம் போனோம்.

கடல் தெரியும் வீடு. சேஷாத்ரி எங்களை உட்காரச் சொல்லி, கடிதத்தை இரண்டு தடவை படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சரி, தப்பா மதிப்பிட்டுட்டீங்க. இதுக்கு நான் என்ன பண்ண முடியும் பாய்?"

"தெரியாம நடந்துடுத்துடா சேஷு" என்றார் அக்கா. "உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்திரத்தை மாத்தி எழுதிடலாம். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே."

"அது பதிவான பத்திரம்க்கா. அப்படியெல்லாம் மாத்த முடியாது."

"பேட்டுக்கு விலையே இல்லைங்கறாரேடா. நான் எங்கே போவேன்? நான் மேல எழுதினதுனால வந்த வினைன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா நீயே சொல்லியிருப்பே இல்லையா?"

அந்தப் பேச்சு அவரை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். சட்டென்று எரிந்து விழுந்தார்.

"எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து அப்பாவும், அப்பறம் நீயும் எழுதறதைப் பாத்துண்டுதானே இருக்கேன்? எத்தனை தடவை அப்பாகிட்ட வேண்டாம்னேன், கேட்டாரா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எக்ஸ்பர்ட். நீங்கதான் கேட்டிருக்கணும். பெங்களூர்ல ஒருத்தர் கையில வாங்கினதுமே கேட்டார், மேல எழுதியிருக்கான்னு. கேட்டுட்டு வேண்டாம்னுட்டார். நீங்க கேக்கலையே!"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே புரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா வீட்டைவிட்டு வெளியே எடுக்க விடமாட்டார் என்று சொன்ன பேட் எனக்கு முன்னாலேயே பெங்களூர் போய் வந்திருக்கிறது. கேள்வி கேட்கும் ஆளிடம் நேரில் காட்டித் தோற்ற பிறகு, கேட்காத ஆளைத் தேடிப் போட்டோ அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் நான்.

ருக்மணி அம்மாள் அழவில்லை. மெதுவாகக் கேட்டார். "கைப்பிடி ரப்பர் மாத்தணும்னு ஒரு வாரம் எடுத்துண்டு போனியே சேஷு. அப்பவா?"

அவர் என் கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார்.

"பத்திர ஆபீஸ்ல பேனாவை எங்கிட்ட குடுத்து, 'படிச்சுப் பாத்துட்டுப் போடுக்கா'ன்னு சொன்னியேடா. என் மூஞ்சியைப் பாத்துண்டேதானே சொன்னே?"

சேஷாத்ரி எழுந்து பால்கனிப் பக்கம் போய் நின்றுகொண்டார். நாங்கள் திரும்பி வந்தோம். மயிலாப்பூர் குளத்தருகே இறங்கும்போது அந்தம்மாள், "தேவைப்பட்டா கோர்ட்டுல வந்து சொல்வீங்களா?" என்றார். சொல்வேன் என்றேன்.

கோர்ட்டுக்குப் போகவேண்டி வரவில்லை. என் இரண்டாவது கடிதத்தின் நகலை அவர் நேராகப் பில்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். டிராயிங் டீச்சரைக் குறைவாக எடை போட்டுவிட்டேன். வில்லங்கம் உள்ள இடத்தில் கடப்பாரை வைக்க மாட்டேன் என்று பில்டர் கையை விரித்துவிட்டார். நாலு மாதம் இழுபறி. கடைசியில் சேஷாத்ரி இறங்கி வந்தார். புதிதாகக் கட்டும் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட் அக்கா பெயருக்குப் பதிவாயிற்று. அவருக்கு நியாயமாக வரவேண்டியது அதைவிட அதிகம். போதும் என்று விட்டுவிட்டார். அடுத்த நாலு மாதத்தில் நானும் ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

போன தை மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. கிருஹப்பிரவேசம், அவசியம் வரவேண்டும் என்றார். எனக்கு மனசு லேசானது. அந்த இரண்டு வருஷமும் நான் சரியாகத் தூங்கியதில்லை. என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் கோலம் அவர் கையால் போட்டது என்று பார்த்ததும் தெரிந்தது.

அவரே வந்து என்னை அழைத்துப்போய் சாப்பிடும் இடத்தில் உட்கார வைத்தார். அப்போதுதான் பக்கத்து இலையில் யார் என்று பார்த்தேன். சேஷாத்ரி. கூடத்தில் வேறு நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. அவரும் என்னைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் இலையைப் பார்க்க ஆரம்பித்தோம்.

பரிமாற ஆட்கள் இருந்தார்கள். ஆனால் எங்கள் வரிசைக்குப் பாயசத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். என் இலையருகே குனிந்தபோது, அடக்க முடியாமல், "என்னை மன்னிச்சுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"அது இன்னும் வரலை சார்" என்றார், கோபமே இல்லாத குரலில். "வந்தா நானே சொல்றேன்."

தம்பிக்கு ஒரு கரண்டி விட்டார். எனக்கும் அதே அளவு ஒரு கரண்டி விட்டார்.

"ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

நானும் சேஷாத்ரியும் தலை நிமிராமல் சாப்பிட்டோம்.